மீன்தொட்டியில் கூட்டம் வேண்டாம்

நாக்பூர் வீட்டில் பேத்திக்காக 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத்தில் ஒரு மீன்தொட்டி வைத்தேன். "நிறையச் செடி இருக்கிறதே, ஆக்ஸிஜனுக்கு என்ன குறை?" என்று 30 மீன்களை விட்டேன். மே மாதத்தில் ஒரு விடியற்காலை 12 மீன்கள் செத்து மிதந்தன. "மிச்சமெல்லாம் பிழைக்குமா தாத்தா?" என்றாள் பேத்தி.

செடி வெளிச்சத்தில்தான் ஆக்ஸிஜன் தரும். இரவில் அதுவும் மீனைப்போல ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்ளும். எனவே விடியும் நேரத்தில் பற்றாக்குறை அதிகம். தண்ணீர் சூடானால் அதில் கரையும் ஆக்ஸிஜனும் குறையும். நாக்பூர் கோடையைச் சொல்லவா வேண்டும்!

அடுத்தது, மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா. அது விஷம். ஃபில்டரிலும் மணலிலும் வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கெடுதல் செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றும். செடிகளும் ஓரளவு உறிஞ்சும். ஆனால் பாக்டீரியாக்கள் பெருகச் சில வாரங்கள் பிடிக்கும். ஆகவே மீன்களை ஒரேயடியாக விடாமல், வாரத்துக்கு மூன்று நான்காக விடுங்கள்.

என் தொட்டியின் கொள்ளளவு சுமார் 56 லிட்டர். மணலும் செடியும் போகத் தண்ணீர் 45 லிட்டர்தான். டெட்ரா போன்ற சிறிய மீன்கள் பத்துப் பன்னிரண்டு போதும். கடையில் பார்க்கும் அளவை நம்பாதீர்கள். அங்குலத் தங்கமீன் அரையடிக்கு மேல் வளரும். கப்பியில் ஆணும் பெண்ணும் சேர்ந்தால் மாதாமாதம் குஞ்சுகள். வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீரை மாற்றுங்கள்.

மிஞ்சிய 18-ல் 8 மீன்களை நண்பர் வீட்டுத் தொட்டிக்குக் கொடுத்தேன். மற்ற பத்தும் பிழைத்தன.