நிதியை வெட்டினாங்க... ஜனங்க கை தட்டினாங்க!

அமெரிக்காவின் சார்லஸ்டன் நகரில் ஒரு கல்லூரி. அது மாணவர்களுக்குச் சிபாரிசு செய்த படக்கதைப் புத்தகத்தால் வந்தது வம்பு!

‘பன் ஹோம்’ என்பது அதன் பெயர். ஆண்கள் மீதான நாட்டத்தை வெளியே சொல்லாமல் மறைத்தே வாழ்ந்த வாத்தியார் அப்பாவைப் பற்றி, மகள் அலிசன் பெக்டெல் வரைந்த சொந்தக் கதை. 1970-களில் நடப்பது.

இதற்கா வரிப்பணம் என்று கொதித்தார்கள் எம்.எல்.ஏ.க்கள். 2014-ல் கல்லூரி நிதியில் 52 ஆயிரம் டாலரை வெட்டச் சொல்லி தென் கரோலினா கீழ்சபை ஓட்டுப் போட்டது.

நியூயார்க் நாடகக் குழு சும்மா இருக்கவில்லை. ஏப்ரலில் அந்த ஊருக்கே வந்து, அந்தக் கதையைப் பாட்டோடு நடித்துக் காட்டியது. ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள்!

மறு வருஷம் சிறந்த இசை நாடகத்துக்கான டோனி விருதும் வந்தது.

அப்பாதான் பார்க்கவில்லை. 1980-லேயே லாரி மோதி இறந்துவிட்டார்.