கோடையில் தோட்டத்தைக் கைவிடாதீர்கள்: மாசி, பங்குனியில் முடிக்க வேண்டிய வேலைகள்

மாசி பிறந்தாச்சு. தோட்டத்தில் அவரை, தக்காளி, கத்திரி எல்லாம் காய்த்து ஓயும் நேரம். தை வரைக்கும் பச்சைப்பசேல் என்று இருந்த வீட்டுத் தோட்டங்கள் பலவும் சித்திரையில் வெறும் தொட்டிகளாக நிற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கேட்டால், “வெயில் தாங்கல சார், ஆடியில மறுபடி ஆரம்பிச்சுக்கலாம்” என்பார்கள்.

ஆடிப்பட்டம் தேடி விதைக்க வேண்டியதுதான். ஆனால் நாலைந்து மாதம் வெயிலில் வெறுமனே கிடந்த மண்ணில் போய் ஆடியில் விதைத்தால் என்ன வரும்? மேல்மண் இறுகிப்போயிருக்கும். மண்புழு கிடைக்காது, நுண்ணுயிர் குறைந்துபோயிருக்கும். எடுத்து வைக்காத விதையும் போயிருக்கும். மறுபடி எரு, மறுபடி விதை பாக்கெட், மறுபடி முதலிலிருந்து. இப்படி இரண்டு வருஷம் செலவு செய்து பார்த்துவிட்டு, “நமக்கு இது சரிப்படாது” என்று விட்டுவிட்டவர்கள் எத்தனையோ பேர்.

முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் வேலை பார்த்தவன் நான். அங்கே மார்ச் மாதம் என்றால் கணக்கு முடிப்பு. இருப்பு எவ்வளவு, அடுத்த வருஷத்துக்கு எடுத்துச் செல்வது எவ்வளவு என்று பார்த்தாக வேண்டும். தோட்டத்துக்கும் மாசி, பங்குனியில் அதே வேலைதான். இங்கே இருப்பு இரண்டு: ஒன்று விதை, இன்னொன்று மண். மணப்பாறைப் பக்கம் செம்மண் பூமியில் நான் செய்து வருவதை வரிசையாகச் சொல்கிறேன். மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

முதல் வேலை விதை

செடியைப் பிடுங்குவதற்கு முன் விதை எடுங்கள். கடையில் வாங்கிய வீரிய ஒட்டு ரகமாக இருந்தால் அதில் எடுக்க வேண்டாம், அடுத்த தலைமுறை தாய்ச்செடி மாதிரி வராது. நாட்டு ரகத்தில் எது நோயில்லாமல், நன்றாகக் காய்த்ததோ அந்தச் செடிக்கு ஒரு துணியைக் கட்டி அடையாளம் வையுங்கள். அதில் இரண்டு மூன்று காய்களைச் சமையலுக்குப் பறிக்காமல் விட்டுவிடுங்கள்.

வெண்டை செடியிலேயே காய்ந்து, வரிவரியாக வெடிக்க ஆரம்பிக்கும்போது எடுக்கணும். கத்திரி நன்றாகப் பழுத்து மஞ்சளாகி, அமுக்கினால் அமுங்கணும். பழத்தை அறுத்து, சதையைத் தண்ணீரில் பிசைந்தால் நல்ல விதை அடியில் தங்கும், மிதக்கும் பொக்கைக் கொட்டிவிடலாம். தக்காளிச் சாற்றை விதையோடு ஒரு நாள் புளிக்க வைத்தால் வழுவழுப்பு நீங்கிவிடும், பிறகு கழுவிக்கொள்ளலாம். எல்லா விதையையும் இரண்டு நாள் நிழலில், அப்புறம் காலை வெயிலில் உலர்த்தி, அடுப்புச் சாம்பலோடு கலந்து, காய்ந்த வேப்பிலை போட்டு மூடி வையுங்கள். டப்பா மேலே பெயரும் மாதமும் எழுதிவிடுங்கள்.

எங்கள் ஊரில் எண்பது வயதைத் தாண்டிய பாட்டி ஒருவர் இருக்கிறார். வாழ்க்கைப்பட்டு வந்த காலத்திலிருந்து ஒரு வரிக்கத்திரியைத் தன் கொல்லையிலேயே விதை மாற்றி மாற்றி வளர்த்து வருகிறார். பிள்ளைகள் திருப்பூரில். போன மழைக்காலத்தில் பாட்டி வழுக்கி விழுந்து இடுப்பில் அடி, தண்ணீர் ஊற்ற ஆளில்லை. பொங்கல் கழித்துப் போய்ப் பார்த்தபோது இரண்டே செடிதான் நின்றது. “கத்திரிக்காய் எங்கயும் கிடைக்கும் தம்பி. இந்த விதை போச்சுன்னா நீங்க எந்தக் கடையில போய்க் கேப்பீங்க?” என்றார். அந்த இரண்டு செடியிலும் பழுக்க விட்ட பழங்களை இந்த மாசியில் மூன்று வீட்டுக்காரர்கள் பிரித்து எடுத்திருக்கிறோம். ஒரு வீட்டில் தவறினாலும் இன்னொரு வீட்டில் இருக்கும்.

வேலூர் இலவம்பாடி முள் கத்திரிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்படிப் பெயர் பதிவாகாத கத்திரி, அவரை, சுரை ஊருக்கு ஊர் இருக்கிறது. யாராவது ஒரு வயசான அம்மாவின் டப்பாவில்தான் அது உயிரோடு இருக்கும்.

அடுத்தது மூடாக்கு

நம்மாழ்வார் ஐயா போன இடமெல்லாம் வலியுறுத்தியது மூடாக்கை. அதன் அருமை கோடையில்தான் தெரியும். மாசியில் வேம்பும் புங்கனும் இலை உதிர்க்கும். அந்தச் சருகைக் கூட்டிக் கொளுத்தாதீர்கள், நமக்கு அதுதான் மூலதனம். சருகு, வைக்கோல், கரும்புத் தோகை, துண்டு போட்ட தென்னை ஓலை, எது கிடைத்தாலும் நாலு விரல் உயரத்துக்குப் பாத்தியில் பரப்புங்கள். தண்டை ஒட்டிப் போடாமல் இரண்டு விரல் இடைவெளி விட்டால் தண்டு அழுகாது. மூடாக்குப் போட்ட இடத்தில் விரலை விட்டுப் பாருங்கள், பக்கத்து வெறும் மண்ணைவிடக் குளிர்ச்சியாக, ஈரமாக இருக்கும்.

மூடாக்கு போடுவதற்கு முன் ஜீவாமிர்தம் விடலாம். வீட்டுத் தோட்டத்துக்கு 20 லிட்டர் தண்ணீர், 1 கிலோ நாட்டு மாட்டுச் சாணம், 1 லிட்டர் கோமியம், 200 கிராம் வெல்லம், 200 கிராம் பயறு மாவு, ஒரு கைப்பிடி வரப்பு மண் போதும். நிழலில் வைத்து, காலை மாலை கலக்கிவிட்டு, 2 நாள் கழித்துப் பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து வேரில் ஊற்றுங்கள்.

இப்போது என்ன விதைக்கலாம்?

வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை, அரைக்கீரை, தட்டைப்பயறு, வெள்ளரி ஆகியவை வெயில் தாங்குபவை. வெண்டை விதையை இரவு ஊறவைத்து, செடிக்குச் செடி ஒரு அடி விட்டு ஊன்றினால் 45 நாளில் பறிப்புக்கு வரும். கீரை 25 நாள்.

பாகல், புடலை, பீர்க்கன், சுரை போட வேண்டியவர்கள் மாசி முடிவதற்குள் ஊன்றிவிடணும். பகல் நீண்டு வெயிலும் ஏறும்போது கொடியில் ஆண் பூ கூடி, பெண் பூ குறையும். “பூவா பூக்குது, ஒரு காயும் காணோம்” என்று பங்குனிக் கடைசியில் போட்டவர்கள் புலம்புவது இதனால்தான். மாடியில் தேனீ வராவிட்டால் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் நடுவில் தொட்டுவிடுங்கள். பாகலுக்குக் காலையில் செய்யலாம். பீர்க்கன் மாலையில் மலரும், புடலை பொழுது சாய்ந்த பிறகு மலரும்.

பந்தலை மேற்குப் பக்கம் போடுங்கள். பிற்பகல் வெயிலைக் கொடி தாங்கிக்கொள்ளும், அதன் நிழலில் மிளகாயும் கத்திரியும் பிழைக்கும். தையில் நாற்று விட்டவர்கள் அவற்றை இப்போது சாயங்கால நேரத்தில் நடலாம். தக்காளியைப் புதிதாகத் தொடங்க வேண்டாம். இரவிலும் சூடு இறங்காவிட்டால் தக்காளிப் பூ உதிர்ந்துவிடும்.

தண்ணீரும் நிழலும்

காலை ஏழு மணிக்குள் தண்ணீர் விடுங்கள். எங்கள் வீட்டில் அரிசி, பருப்பு, காய்கறி கழுவிய தண்ணீர் ஒரு சொட்டு சாக்கடைக்குப் போவதில்லை. நாலு செடிக்கு நடுவில் ஒரு பழைய மண்பானையைக் கழுத்தளவு புதைத்து, தண்ணீர் நிரப்பி மூடி வைத்தால் கசிந்து வேருக்கு மட்டும் போகும். வெளியூர் போகிறவர்களுக்கும் இது உதவும். சாயம் பூசாத பானையாக இருக்கணும்.

மாடியில் பைகளைத் தளத்தில் நேரே வைக்காமல் செங்கல் மேல் ஏற்றி, நெருக்கி வையுங்கள். பங்குனி பாதியிலேயே பச்சை நிழல்வலை கட்டிவிடுங்கள். மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்கிய பிறகு கட்டினால், வாடிய செடிக்குக் குடை பிடித்த கதைதான்.

பூச்சியைப் பாருங்கள்

கோடையில் வெள்ளை ஈ, மாவுப்பூச்சி, செஞ்சிலந்தி மூன்றும் கூடும். வெண்டை இலை நரம்பு மஞ்சளித்தால் அது வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோய், மருந்தால் குணமாகாது. தயங்காமல் அந்தச் செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்தினால் மற்றவை தப்பும். மஞ்சள் ஒட்டுப்பொறி ஒன்று தொங்கவிடுங்கள். லிட்டருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டையை இடித்து, இரவு ஊறவைத்து வடிகட்டி, மாலை நேரத்தில் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளிக்கலாம்.

ஓய்வு கொடுக்கும் பாத்தியையும் காலியாக விடாதீர்கள்

எல்லாப் பாத்திக்கும் தண்ணீர் ஊற்ற முடியாது என்பது எனக்கும் தெரியும். பாதியை ஓய்வுக்கு விடுங்கள். ஆனால் அதிலும் மூடாக்கு இருக்கட்டும். பங்குனி, சித்திரையில் ஒரு கோடை மழை கிடைத்தால், சமையலறையில் இருக்கும் முழுப் பயறு, உளுந்து, தட்டைப்பயறு, கம்பு, எள், கடுகு என்று கைக்கு வந்ததைக் கலந்து தூவிவிடுங்கள். தண்ணீர் கிடைத்த அளவுக்கு அவை வளரும். பூக்கும் தறுவாயில், சுமார் 45 நாளில், மடக்கி மண்ணோடு விட்டால் ஆடிக்குள் மக்கிவிடும். வண்டி எரு வாங்கும் செலவில் பாதி மிச்சம்.

இத்தனையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. இந்த வாரம் ஒரு வேலை போதும்: தோட்டத்தில் நல்லா காய்த்த நாட்டுச் செடி ஒன்றுக்குத் துணி கட்டுங்கள். அப்படியே தெருவில் விதை வைத்திருக்கும் பெரியவர் யார் என்று விசாரித்து, அவர்களிடம் ஒரு பிடி வாங்கி வாருங்கள். ஆடியில் நம் கூட்டத்துக்கு வரும்போது அதில் பாதியைக் கொண்டு வந்தால், ஊருக்கு ஊர் கை மாறும்.