மார்கழிக் குளிரில் இரைக்கும் நாய்

ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை இரவுகளில் இரண்டாவது போர்வை தேட வைக்கும் ஊர். அப்படி ஓர் இரவில், மூலையில் சும்மா படுத்திருக்கும் பத்து வயது நாய் நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துக்கொண்டிருந்தால் அதைக் கவனிக்க வேண்டும். வெயிலில் ஓடி வந்த நாய் உடம்பைத் தணித்துக்கொள்ள இரைக்கும். குளிரில் அசையாமல் கிடக்கும் நாய் இரைப்பதற்கு உள்ளே வேறு காரணம் இருக்கிறது.

இந்த நாயைக் கால்நடை மருத்துவரிடம் கூட்டிப்போகிறவர்கள் இரைப்பைப் பற்றிப் பேசுவதே இல்லை. “வயசாயிடுச்சுங்க டாக்டர், ராத்திரியில வீட்டுக்குள்ளயே ஒண்ணுக்குப் போயிடுது. மத்தபடி ஒண்ணுமில்லைங்க, முன்னைவிட நல்லாவே சாப்பிடுது” என்பார்கள். தண்ணீர்ச் சட்டி அடிக்கடி காலியாவதும், வயிறு பெருத்துத் தொங்குவதும், முதுகிலும் விலாவிலும் முடி கொட்டித் தோல் தெரிவதும், ஒரே தாவலில் ஏறிய சோபாவில் இப்போது ஏற முடியாமல் நிற்பதும் மருத்துவர் தோண்டிக் கேட்டால்தான் வெளிவரும். ஒவ்வொன்றுக்கும் வீட்டில் ஒரு விளக்கம் இருக்கும். எல்லா விளக்கமும் வயதில் போய் முடியும்.

இவை அனைத்தும் ஒரே நாயிடம் சேர்ந்து தெரிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது குஷிங் நோயை. அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் 1932-இல் மனிதர்களிடம் இதை விரிவாக விவரித்ததால் அவர் பெயரே நோய்க்கு நிலைத்தது. ஆனால் மனிதர்களுக்கு அரிதாக வரும் இந்த நோய் வயதான நாய்களுக்கு அடிக்கடி வருகிறது. டாஷ்ஹண்ட், பூடில், பாக்ஸர் போன்ற இனங்களுக்குச் சற்றுக் கூடுதலாகவே வரும்.

சிறுநீரகங்களுக்கு அருகில் இரண்டு சிறிய அட்ரினல் சுரப்பிகள் உட்கார்ந்திருக்கின்றன. கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரப்பது அவற்றின் வேலைகளில் ஒன்று. எவ்வளவு சுரக்க வேண்டும் என்று உத்தரவிடுவது மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி. மாடித் தொட்டி நிரம்பியதும் மோட்டார் தானாக நிற்பதுபோல, ரத்தத்தில் கார்டிசால் போதுமான அளவை எட்டியதும் பிட்யூட்டரி உத்தரவை நிறுத்திவிடும். குஷிங் நாயிடம் இந்த நிறுத்தம் வேலை செய்வதில்லை. நூற்றில் 80 முதல் 85 நாய்களில் காரணம் பிட்யூட்டரியில் வளர்ந்த மிகச் சிறிய கட்டி. மீதி நாய்களில் அட்ரினலிலேயே கட்டி இருக்கும்.

கார்டிசால் கெட்டது அல்ல. அது இல்லாமல் நாய் பிழைக்காது. மாதக்கணக்கில் மிகுந்துகொண்டே போவதுதான் கெடுதல். அது பசியைக் கிளப்புகிறது. தசைப் புரதத்தை உடைக்கிறது. வயிற்றுத் தசை தளர்ந்து, கல்லீரலும் பெருத்து, கொழுப்பும் அங்கே சேர்வதால் வயிறு தொங்குகிறது, பின்னங்கால்கள் மெலிகின்றன. தோல் காகிதமாகி, சிறு காயமும் ஆற நாளாகிறது. எதிர்ப்பாற்றல் குறைவதால் சிறுநீர்த் தொற்று வரும். ஆனால் கார்டிசால் அழற்சியை அமுக்கிவிடுவதால் அந்தத் தொற்றின் வலியும் எரிச்சலும் வெளியே தெரியாது.

தண்ணீர் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல மனிதர்களே இங்கேதான் நாய்க்குத் தீங்கு செய்துவிடுகிறார்கள். நீரைத் திரும்ப உறிஞ்சச் சொல்லும் ஹார்மோனின் பேச்சைச் சிறுநீரகம் கேட்கவிடாமல் கார்டிசால் தடுக்கிறது. எனவே நீர்த்த சிறுநீர் நிறைய வெளியேறுகிறது. அந்த இழப்பை ஈடுகட்டத்தான் நாய் குடிக்கிறது. வீட்டுக்குள் நனைக்கிறதே என்று இரவில் தண்ணீர்ச் சட்டியை எடுத்து ஒளித்துவைத்தால் சிறுநீர் நிற்காது, நாய்தான் வறண்டுபோகும். சட்டியை எடுக்காதீர்கள். அதற்குப் பதில், காலையில் அளவுக் குவளையால் ஊற்றி, மறுநாள் காலையில் மிச்சத்தை அளந்து பாருங்கள். ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளில் 100 மில்லி லிட்டருக்கு மேல் போனால் அது அதிகம். பத்துக் கிலோ நாய் ஒரு லிட்டரைத் தாண்டுகிறது என்றால், வெயில் காலம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் மருத்துவரிடம் அந்த எண்ணைச் சொல்லலாம். சிறுநீரகக் கோளாறு, நீரிழிவு, பெட்டை நாயின் கருப்பைச் சீழ் ஆகியவையும் இதே தாகத்தைத் தரும் என்பதால் அந்த ஓர் எண் பல கதவுகளைத் திறக்கும்.

ஓசூர் விலங்குகளுக்குப் புதிய ஊர் அல்ல. மத்திகிரியில் 1,600 ஏக்கருக்கு மேல் பரந்திருக்கும் கால்நடைப் பண்ணை, 1824-இல் ஆங்கிலேயப் படைக்குக் குதிரை வளர்க்கும் இடமாகத் தொடங்கியது. ஆலம்பாடி மாடு இந்த வட்டாரத்துச் சொத்து. ஆனாலும் ஹார்மோன் நோய் கண்ட கிழ நாய் இந்த மண்ணுக்குப் புது நோயாளி. உழைக்கும் மாடும் கறவை மாடும் முதுமைக்குரிய கட்டிகள் வரும்வரை வைத்திருக்கப்படுவதில்லை. தெரு நாய் அந்த வயதை எட்டுவதே அபூர்வம். சிப்காட் தொழிற்பேட்டை வந்து, ஆலைகள் பெருகி, மாதச் சம்பளக் குடும்பங்கள் அடுக்குமாடிகளில் நாயை வீட்டுக்குள்ளேயே வைத்து, தடுப்பூசி போட்டு வளர்த்த பிறகுதான் அது பன்னிரண்டு, பதினான்கு வயது வரை வாழத் தொடங்கியது. நீண்ட ஆயுளைக் கொடுத்தவர்கள் நாம். அந்த ஆயுளின் நோய்களைத் தெரிந்துகொள்ளும் பொறுப்பும் நம்முடையதே.

நோயை உறுதி செய்ய ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை போதாது. கார்டிசால் நாள் முழுக்க ஏறி இறங்கும். மருத்துவமனைக்கு வந்த பயத்திலேயே கூடும். அதனால் சுரப்பியைச் சீண்டிப் பார்க்கிறார்கள். காலையில் ஒரு முறை ரத்தம் எடுத்து, மிகக் குறைந்த அளவு டெக்ஸாமெத்தசோன் ஊசி போட்டு, நான்கு மணி நேரத்திலும் எட்டு மணி நேரத்திலும் மறுபடி எடுப்பார்கள். நலமான நாயின் பிட்யூட்டரி இந்த ஊசியைக் கார்டிசால் என்று எண்ணி உத்தரவை நிறுத்திவிடும், அளவு இறங்கும். குஷிங் நாயிடம் இறங்காது. ஒரு ஷிப்ட் நேரம் முழுக்க ஆகும் என்பதால் விடுப்பு எடுத்துத்தான் போக வேண்டும். அட்ரினலைப் பார்க்க வயிற்று ஸ்கேனும் தேவைப்படும். ஓசூர்க்காரர்களுக்குச் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியைவிட அத்திப்பள்ளி தாண்டிய பெங்களூருதான் பக்கம். கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கம் இருப்பவர்களுக்குச் சேலம் வழியாக நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் உண்டு. வேறு நோயால் வாடிக்கிடக்கும் நாளில் இந்தச் சோதனையைச் செய்யாமல் இருப்பது நல்லது. அன்றைக்கு எந்த நாய்க்கும் கார்டிசால் கூடியிருக்கும்.

மருந்தின் வரலாறு விசித்திரமானது. 1949-இல் அமெரிக்காவில் நெல்சன், உடார்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள், டிடிடி பூச்சிமருந்தின் உறவுக்கார வேதிப்பொருள் ஒன்றை நாய்களுக்குக் கொடுத்தபோது அவற்றின் அட்ரினல் சுரப்பிகள் சுருங்கி அழிந்ததைக் கண்டார்கள். அந்த நஞ்சிலிருந்து பிறந்ததுதான் மைட்டோடேன். பல ஆண்டுகள் குஷிங் நாய்களுக்கு அதுவே கதி. இப்போது பெரும்பாலும் டிரைலோஸ்டேன் கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் 2008-இல் நாய்களுக்கென அனுமதி பெற்றது. அது சுரப்பியை அழிப்பதில்லை, கார்டிசால் உற்பத்தியாகும் வழியில் ஒரு நொதியை மட்டும் தடுத்து நிறுத்துகிறது. கட்டியை அது தொடுவதில்லை என்பதால் மருந்து வாழ்நாள் முழுக்க வேண்டும். உணவோடு கொடுக்க வேண்டும். கேப்சூலைப் பிரிக்கக் கூடாது. கர்ப்பிணிகள் கையால் தொடக் கூடாது. முதல் சோதனை பத்துப் பதினான்கு நாளில், பிறகு ஒரு மாதத்தில், அதன் பின் மூன்று மாதத்துக்கு ஒரு முறை.

மருந்து தொடங்கிய பிறகு தாகமும் பெரும்பசியும் குறைவது நல்ல செய்தி. ஆனால் நாய் சோற்றை மறுத்தாலோ, வாந்தி எடுத்தாலோ, துவண்டு விழுந்தாலோ கார்டிசால் அளவுக்கு மீறி இறங்கிவிட்டது என்று அர்த்தம். அடுத்த கேப்சூலைக் கொடுக்காமல் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். இது உயிர் போகிற விஷயம்.

கட்டியே இல்லாமல் வரும் குஷிங்கும் உண்டு. அதை உண்டாக்குவது நாம். அரிப்புக்கு என்று எழுதிய ஸ்டீராய்டு மாத்திரையை மருத்துவரிடம் திரும்பப் போகாமல் மாதக்கணக்கில் வாங்கிக் கொடுப்பதும், மனிதர்களுக்கான, ஸ்டீராய்டு கலந்த படைக் களிம்பை நாயின் தோலில் தினமும் பூசுவதும் (நாய் அதை நக்கி விழுங்கிவிடும்) இதே நோயைக் கொண்டுவரும். தெரிந்தவுடன் பயந்து ஒரே நாளில் நிறுத்தினால் இன்னும் ஆபத்து. வெளியிலிருந்து வந்த ஸ்டீராய்டை நம்பி அட்ரினல்கள் சுருங்கியிருக்கும். மெதுமெதுவாகத்தான் குறைக்க வேண்டும்.

தைராய்டு குறைவது இன்னொரு முதுமை வேடம். நாய் தின்பது குறைவு, எடை மட்டும் ஏறும், நாளெல்லாம் தூங்கும், வால் முடி உதிரும். இதற்கான மாத்திரை மனிதர்களுடையதே. ஆனால் நாயின் உடல் அதை விரைவாகச் செலவழித்துவிடும். 30 கிலோ லேப்ரடாருக்கு வழக்கமாகத் தொடங்கும் அளவு ஒரு வேளைக்கு 600 மைக்ரோகிராம், நாளுக்கு இரண்டு வேளை. அந்த அளவைப் பார்த்து மருந்துக் கடைக்காரர் எழுத்துப் பிழை என்று நினைப்பதில் வியப்பில்லை. குஷிங் இருந்தாலே தைராய்டு எண் தாழ்ந்து காட்டும் என்பதால் அந்த ஒரு தாளை வைத்து முடிவெடுக்கக் கூடாது.

நீரிழிவுதான் கடிகாரத்தைக் கையில் கொடுக்கும் நோய். 1889-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கியும் ஃபான் மெரிங்கும் ஒரு நாயின் கணையத்தை எடுத்தபோது அதற்கு நீரிழிவு வந்தது. 1921-இல் டொரொண்டோவில் பான்டிங்கும் பெஸ்டும் நாய்களிடம் செய்த சோதனைகளிலிருந்து இன்சுலின் கிடைத்தது. கணையம் நீக்கப்பட்ட மார்ஜரி என்ற நாய் அவர்களின் சாற்றால் சுமார் 70 நாள் வாழ்ந்தது. நம் வீட்டுப் பெரியவர்கள் போட்டுக்கொள்ளும் ஊசிக்குப் பின்னால் அந்த நாய்கள் இருக்கின்றன. நாய்க்கு வரும் நீரிழிவில் இன்சுலின் சுரப்பே வற்றிவிடுவதால் மாத்திரைகள் பயன்படுவதில்லை. பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஊசிதான்.

காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து என்று ஷிப்ட் மாறும் வீடுகளில் இதுதான் கடினம். இந்த வாரம் காலை ஐந்து மணிக்கு வீட்டில் இருப்பவர் அடுத்த வாரம் அப்போது ஆலையில் இருப்பார். எந்த ஷிப்டிலும் யாராவது ஒருவர் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து நிலையாக வைத்துக்கொண்டு, குறைந்தது இரண்டு பேராவது ஊசி போடப் பழக வேண்டும். அரை மணி, ஒரு மணி முன்பின் ஆவதில் பெரிய தவறில்லை. போட்டோமா இல்லையா என்ற சந்தேகம் வந்தால் மறுபடி போடாதீர்கள். ஒரு வேளை தவறினால் சர்க்கரை ஏறும். இரட்டிப்பாகப் போனால் நாய் வலிப்பு வந்து இறக்கக்கூடும். குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாளை ஒட்டி, போட்டவுடன் கையெழுத்து இடுவது போதும்.

இன்னொரு எச்சரிக்கை. நம் நாட்டில் இன்சுலின் குப்பிகள் பெரும்பாலும் ஒரு மில்லி லிட்டருக்கு 40 யூனிட், பேனாக் குழல்கள் 100 யூனிட். 40-க்கான ஊசியின் மூடி சிவப்பு, 100-க்கானது ஆரஞ்சு. மாற்றி இழுத்தால் அளவு இரண்டரை மடங்கு பிசகும். நாய் தள்ளாடினாலோ நடுங்கினாலோ ஈறில் தேனைத் தடவிவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள். ‘சுகர் ஃப்ரீ’ தின்பண்டங்களைக் கொடுக்கவே கூடாது. அவற்றில் இருக்கக்கூடிய சைலிட்டால் நாய்க்கு நஞ்சு.

சாப்பாட்டில் அளவும் நேரமும் முக்கியம். நம் பக்கத்து நாய்கள் களி தின்று வளர்ந்தவை. ராகி என்பதால் சர்க்கரை ஏறாது என்று நம்பி விருப்பத்துக்கு உருண்டை போடக் கூடாது. மாம்பழக் காலத்தில் தோட்டத்தில் உதிர்ந்து கிடக்கும் பெங்களூராவை நாய் தேடித் தின்னும், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வழவழப்பான கிரானைட் தரைதான் இந்த மாவட்டத்து வீடுகளின் பெருமை. கால் தசை கரைந்த நாய்க்கு அது வழுக்குப் பாறை. அது நடக்கும் பாதையில் கோணிச் சாக்கை விரித்தாலே எழுந்து நடக்கும்.

குஷிங் நாய்கள் சிகிச்சையோடு சராசரியாக இரண்டு ஆண்டுகள் வாழ்கின்றன, பல அதற்கு மேலும். நோய் தெரியும்போதே அவை கிழங்கள் என்பதை நினைவில் வைத்து அந்த எண்ணைப் பார்க்க வேண்டும். அறிகுறி லேசாக இருக்கும் நாய்க்கு மருந்து தொடங்காமல் கவனித்து வருவதும் மருத்துவர்கள் ஏற்கும் வழியே. செலவைப் பார்த்து அப்படி முடிவெடுக்கும் குடும்பத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. மருந்தில் இருக்கும் நாய் திடீரென வட்டமாகச் சுற்றினாலோ, சுவரில் தலையை முட்டி நின்றாலோ பிட்யூட்டரிக் கட்டி வளர்ந்திருக்கலாம். அதைத் தள்ளிப்போடாமல் சொல்ல வேண்டும்.

பொங்கலுக்கு மதுரைக்கோ நெல்லைக்கோ கிளம்பும் ஆலைத் தொழிலாளி, நாயைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுப்போவது வழக்கம். அவரிடம் மருந்தின் பெயர், அளவு, கொடுக்கும் நேரம், சோறு தின்னாவிட்டால் மருந்து கூடாது என்ற குறிப்பு, மருத்துவரின் எண் எல்லாவற்றையும் ஒரே தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாளையும் அதோடு வைத்துவிட்டால், எந்த மருத்துவரிடம் போக நேர்ந்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.