சொந்தத் தறியும் ஓர் உத்தியோகமே
தறியை விட்டு வேறு வேலை தேடும் அங்கத்தினர் சிலர், தன்விவரக் குறிப்பில் பத்தாண்டு நெசவை ‘வேலையில்லை’ என்று எழுதிவிடுகின்றனர். வேறு சிலர் இரண்டு தறிகளை வைத்திருந்து ‘ஜவுளி நிறுவன மேலாளர்’ என்கின்றனர். முன்னது உழைப்பை மறைக்கிறது. பின்னது நேர்முகத் தேர்வின் முதற் கேள்வியிலேயே குலைந்துவிடும்.

‘சுயதொழில், கைத்தறி நெசவு’ என்று தலைப்பிட்டு, தொடங்கிய ஆண்டையும் நிறுத்திய ஆண்டையும் எழுதுக. தறிகள் எத்தனை, நெய்தது சேலையா வேட்டியா, மாதம் எத்தனை உருப்படி, உடன் உழைத்தோர் எத்தனை பேர் என்பனவற்றைச் சொல்லுக. சங்கக் கூலிக்கு நெய்ததையும் சொந்தக் கணக்கில் விற்றதையும் தனித்தனியே காட்டுக. நூல் இருப்பைக் காத்ததும், குறித்த நாளில் சரக்கை ஒப்படைத்ததும் எந்த முதலாளியும் மதிக்கும் திறமைகளே. கட்டுப்படியாகாமல் தறியை நிறுத்தியிருந்தால் அதையும் எழுதலாம், அதில் இழிவில்லை. குத்தகை நிலத்தில் பயிரிட்டோருக்கும் இதுவே வழி.

கூலிப் புத்தகம், நூல் பற்றுச்சீட்டு, நெசவாளர் அடையாள அட்டை ஆகியவற்றைப் பத்திரப்படுத்துக. 2020 ஜூலையில் தொடங்கிய உத்யம் பதிவைப் பெற்றிருந்தால் அச்சான்றும் உதவும். புதிய முதலாளி விசாரித்தால், கணக்கில் உள்ளதையே சங்கம் சொல்ல முடியும். ஆகவே உங்கள் குறிப்பும் கணக்கோடு ஒத்திருக்கட்டும் என்பதே நாம் வேண்டுவது.