மணிக்கட்டுக்கு ஏற்ற வாட்ச்: வாங்கும் முன் அளவு, வாங்கிய பின் உரிமை

வளையல் கடையில் முதல் கேள்வியே அளவுதான். “ரெண்டு நாலா, ரெண்டு ஆறா?” என்று கேட்காமல் யாரும் வளையலை எடுத்துக் காட்டுவதில்லை. ரெண்டு நாலு என்றால் உள்விட்டம் இரண்டே கால் அங்குலம். படித்தவர், படிக்காதவர் எல்லோரும் இதை அறிந்தே வாங்குகிறார்கள். அதே கையில் கட்டும் வாட்சுக்கு மட்டும் யாரும் அளவு கேட்பதில்லை. நிறம் பிடித்திருக்கிறதா, விலை கட்டுப்படியாகிறதா என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

உளுந்தூர்பேட்டை வட்டத்துக் களமருதூர் போன்ற ஊர்களில் இப்போது செல்போனிலேயே வாட்ச் ஆர்டர் செய்கிறார்கள். பிறந்தநாளுக்கு மகளுக்கு ஒன்று, கல்லூரியில் சேர்ந்த தம்பிக்கு ஒன்று. பார்சலைப் பிரித்துக் கட்டிப் பார்த்தால் டயல் மணிக்கட்டை மீறி இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருக்கிறது. கடைசி ஓட்டையில் மாட்டியும் பட்டை சுழல்கிறது. “என் கைதான் ஒல்லி” என்று சொல்லிவிட்டு அதை அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். கை மீது எந்தக் குறையும் இல்லை. வாங்கும் முன் தெரிந்திருக்க வேண்டிய சில எண்கள் தெரியாமல் போனதே குறை. அந்த எண்களைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை. அவை பொய்யாக இருந்தால் பரிகாரம் தேடவும் சட்டம் வழி செய்திருக்கிறது.

பெரிய வாட்சே ஏன் கண்ணில் படுகிறது?

நம் தாத்தாக்கள் கட்டிய வாட்சுகள் இவ்வளவு பெரியவை அல்ல. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு பெங்களூரில் 1961-இல் தொடங்கிய எச்.எம்.டி. வாட்ச் தொழிற்சாலையின் ‘ஜனதா’ மாடல் சுமார் 35 மில்லிமீட்டர் விட்டம்தான். அது அன்றைக்கு முழு ஆண்கள் வாட்ச். டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து 1984-இல் தொடங்கி, ஓசூரில் ஆலை அமைத்த டைட்டன் நிறுவனம் பெண்களுக்கென்றே ‘ராகா’ வரிசையைக் கொண்டுவந்தது. கடந்த கால் நூற்றாண்டில்தான் உலகெங்கும் பெரிய டயல் மோகம் பரவி, 42, 44, 46 மில்லிமீட்டர் வாட்சுகள் கடைகளை நிறைத்தன. அளவு மாறியது மோகத்தால். நம் கைகள் மாறவில்லை. எனவே 34 மில்லிமீட்டர் வாட்ச் கட்டும் ஆண் கூச்சப்பட ஒன்றுமில்லை. ‘ஆண்’, ‘பெண்’ என்று பெட்டியில் ஒட்டிய சொல்லைவிட மில்லிமீட்டர் கணக்கே முக்கியம்.

கையை அளப்பது எப்படி?

ஒரு நூலும் பள்ளிக்கூட ஸ்கேலும் போதும். மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கமாகப் புடைத்து நிற்கும் எலும்புக்குச் சற்று மேலே, முழங்கைப் பக்கமாக, வழக்கமாக வாட்ச் கட்டும் இடத்தில் நூலைச் சுற்றுங்கள். இறுக்கவும் வேண்டாம், தொங்கவும் விட வேண்டாம். நூல் சந்திக்கும் இடத்தில் குறியிட்டு ஸ்கேலில் வைத்தால் சுற்றளவு கிடைக்கும். அது 16 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் சிறிய மணிக்கட்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது இன்னும் முக்கியம். கையை மேசைமேல் கவிழ்த்து வைத்து, மணிக்கட்டின் மேற்புறம் தட்டையாக இருக்கும் அகலத்தை ஸ்கேலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 15 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள கையில் இது ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் இருக்கும். ஆளுக்கு ஆள் மாறும். வாட்ச் இந்தத் தட்டையான பகுதிக்குள் அடங்க வேண்டும்.

வாட்சில் பார்க்க வேண்டிய எண்கள்

முதல் எண், விட்டம். முறுக்கும் சாவியைச் சேர்க்காமல் அளப்பது. 14 சென்டிமீட்டர் வரை சுற்றளவுள்ள கைக்கு 26 முதல் 34 மில்லிமீட்டர், 14 முதல் 16 வரையுள்ள கைக்கு 32 முதல் 38 மில்லிமீட்டர் பெரும்பாலும் பொருந்தும். இது வழிகாட்டிதான், கட்டளை அல்ல.

இரண்டாவது எண்ணைத்தான் பலர் கவனிப்பதில்லை. பட்டை மாட்டுவதற்காக வாட்சின் மேலும் கீழும் கொம்புபோல் நீண்டிருக்கும் அல்லவா, மேல் கொம்பின் நுனியிலிருந்து கீழ்க் கொம்பின் நுனிவரை உள்ள நீளம் அது. விட்டம் 38 ஆக இருந்தாலும் கொம்புகள் நீண்டு இந்த அளவு 48-ஐத் தொட்டால் 45 மில்லிமீட்டர் தட்டையுள்ள கையில் அது துருத்தத்தான் செய்யும். விட்டம் 40 ஆக இருந்தும் கொம்பு குட்டையாகக் கீழ்நோக்கி வளைந்திருந்தால் அடங்கி உட்காரும். கொம்புக்குக் கொம்பு நீளம் உங்கள் கையின் தட்டை அகலத்தைவிடக் குறைவாக இருக்கட்டும்.

மூன்றாவது, தடிமன். சிறிய கைக்கு 10 மில்லிமீட்டருக்கு உட்பட்டது சட்டைக் கையில் மாட்டாது, கதவில் இடிக்காது. நான்காவது, பட்டையின் அகலமும் முதல் ஓட்டையிலிருந்து கடைசி ஓட்டைவரை அது பிடிக்கும் சுற்றளவும். 14 முதல் 18 மில்லிமீட்டர் பட்டை சிறிய கையில் சீராக இருக்கும்.

1989 முதல் விற்பனையில் இருக்கும் கேசியோ எஃப்-91டபிள்யூ டிஜிட்டல் வாட்ச் 38.2 மில்லிமீட்டர் நீளம், 35.2 அகலம், 8.5 தடிமன் என்று நிறுவனமே சொல்கிறது. மூன்று எண்களும் கையில் இருந்தால், நாளிதழ்த் தாளில் அதே நீள அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி மணிக்கட்டில் வைத்துப் பார்த்துவிடலாம். எந்த வாட்சுக்கும் இப்படிச் செய்யலாம். விளம்பரப் படத்தில் பெரிய கை மாடலின் மணிக்கட்டைப் பார்த்து ஏமாறாமல் இருக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை.

பொருந்தாத வாட்சின் ஆபத்துகள்

கனமான பெரிய வாட்சை ஒல்லியான கையில் நிறுத்த வேண்டுமானால் பட்டையை இறுக்கத்தான் வேண்டும். அங்கிருந்து தொல்லை தொடங்குகிறது. கட்டைவிரலின் பின்புறத்துக்கு உணர்வு தரும் நரம்பு ஒன்று மணிக்கட்டில் தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. இறுகிய பட்டை அதை அழுத்தினால் கட்டைவிரல் பக்கம் மரத்துப்போதல், ஊசி குத்துவதுபோன்ற எரிச்சல் வரலாம். ராபர்ட் வார்ட்டன்பர்க் என்ற நரம்பியல் மருத்துவர் 1932-இல் இதை விவரித்ததால் அவர் பெயரிலேயே அழைக்கிறார்கள். மரத்துப்போனால் உடனே வாட்சைக் கழற்றிவிட்டு, குறையாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மலிவு உலோகத்தின் மேற்பூச்சு தேய்ந்தால் உள்ளிருக்கும் நிக்கல் வியர்வையில் கரைந்து சிலருக்கு அரிப்பும் கொப்புளமும் தரும். ஐரோப்பிய நாடுகள் தோலில் படும் பொருளிலிருந்து நிக்கல் வெளியேறும் அளவுக்கே சட்ட வரம்பு வைத்திருக்கின்றன. பின்மூடியில் எந்த உலோகம் என்று கேட்டு, துருப்பிடிக்காத எஃகைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

தொளதொளவென்று சுழலும் வாட்சும் ஆபத்துதான். கதிரடிக்கும் இயந்திரம், கரும்பு பிழியும் இயந்திரம், மாவு மில் பட்டை அருகே எந்த வாட்சும் கூடாது. தொங்கும் வாட்ச் சிக்கினால் கையையும் சேர்த்து இழுக்கும். டிராக்டர் பேட்டரியில் வேலை செய்யும்போது உலோகச் செயின் இரண்டு முனையையும் தொட்டுவிட்டால் நொடியில் தீக்காயம். வேலைக்கு முன் கழற்றுவதே பாதுகாப்பு. பட்டன் பேட்டரியைக் குழந்தை கைக்கு எட்டவிடாதீர்கள். விழுங்கிவிட்டால் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

ஸ்மார்ட் வாட்சில் இன்னொரு சிக்கல். அடியில் உள்ள சென்சார் தோலோடு ஒட்டினால்தான் இதயத்துடிப்பு சரியாகக் காட்டும். சிறிய கையில் அது தூக்கிக்கொண்டு நின்றால் காட்டும் எண் தவறாகிவிடும். ஊசி குத்தாமலே சர்க்கரை அளவு சொல்லும் வாட்ச் என்ற விளம்பரத்தை நம்பாதீர்கள். அப்படிப்பட்ட சாதனங்கள் எதற்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. ஸ்மார்ட் வாட்ச் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் கட்டாயம் பதிவாக வேண்டிய பொருள். பெட்டியில் ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவெண் இருக்கிறதா என்று பார்த்து, ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் சரிபார்க்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பொருளின் தரம், அளவு, விலை பற்றிய தகவல் பெறும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் எடையளவு விதிகள் இன்னும் தெளிவானவை. பெட்டியில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்த மாதம், ஆண்டு, புகார் தொடர்பு எண் இருக்க வேண்டும். பொருளின் அளவு வாங்குபவருக்கு முக்கியம் என்றால் அந்த அளவும் அச்சிடப்பட வேண்டும். வாட்சில் அளவு முக்கியம் என்பதை விளக்கத் தேவையில்லை. எனவே “விட்டம் எவ்வளவு, கொம்புக்குக் கொம்பு எவ்வளவு?” என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம். அச்சிட்ட விலைக்கு மேல் கேட்டாலோ, விவரம் இல்லாத பெட்டியை விற்றாலோ தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் எடையளவு அதிகாரிகளிடம் புகார் தரலாம்.

இணைய வணிகத்துக்கென 2020-இல் வந்த விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மைகள் இல்லாத பொருளை, பழுதான அல்லது போலியான பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்க முடியாது. 36 மில்லிமீட்டர் என்று போட்டுவிட்டு 44 அனுப்பினால் அது இந்த விதிக்குள் வரும். குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நேரடிக் கடையிலும், பில்லில் காலக்கெடு எதுவும் இல்லாவிட்டால், பழுதான பொருளை 30 நாளுக்குள் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில் தர மறுப்பதும் அப்படியே.

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். சொன்ன அளவுக்குச் சரியாகவே வந்த வாட்ச் உங்கள் கைக்குப் பெரிதாக இருந்தால் அது பழுது ஆகாது. அங்கே உதவுவது விற்பவரின் ‘ரிட்டர்ன்’ நிபந்தனை மட்டுமே. அதனால் ஆர்டர் போடும் முன்பே திருப்பி அனுப்ப எத்தனை நாள், பணம் கிடைக்குமா அல்லது மாற்றுப் பொருள் மட்டுமா, உங்கள் பின்கோடுக்கு வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்வார்களா என்று பாருங்கள். கல்வராயன் மலையில் வெள்ளிமலையைச் சுற்றியுள்ள ஊர்களில் இருப்பவர்கள் இந்தக் கடைசிக் கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

அதே காரணத்துக்காக, பார்சல் வந்ததும் பிரிப்பதை வீடியோ எடுங்கள். கட்டிப் பார்த்து முடிவெடுக்கும்வரை கண்ணாடி மேல் உள்ள பிளாஸ்டிக் படலத்தை உரிக்காதீர்கள், பட்டையில் புது ஓட்டை போடாதீர்கள், செயினில் கண்ணி எடுக்காதீர்கள். அவற்றில் ஒன்றைச் செய்துவிட்டாலும் ‘பயன்படுத்திய பொருள்’ என்று திரும்பப் பெற மறுக்க வழி கிடைத்துவிடும். வைத்துக்கொள்வதென்று முடிவான பிறகு வாரண்டி போகாதபடி நிறுவனத்தின் சர்வீஸ் மையத்திலோ வாங்கிய கடையிலோ கண்ணியை எடுக்கச் சொல்லி, எடுத்த கண்ணிகளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வளரும் பிள்ளைக்குப் பின்னால் அவை தேவைப்படும்.

ஏமாற்றப்பட்டால்

வாட்சை ஸ்கேலுக்கு அருகில் வைத்துப் படம் எடுங்கள். விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், பில், பணம் கட்டிய ரசீது ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். விற்பவருக்கு எழுத்தில் புகார் அனுப்பி, அந்தப் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பதில் இல்லாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

அங்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தர வேண்டும். விற்றவர் மும்பையிலோ டெல்லியிலோ இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம் என்பது 2019 சட்டம் தந்த பெரிய வசதி. ‘இ-ஜாக்ரிதி’ இணையதளம் வழியாகவும் பதியலாம். பழுதான வாட்சால் தோல் வெந்தாலோ காயம்பட்டாலோ, மருத்துவச் சீட்டுகளுடன் தயாரித்தவர்மீதும், சட்டம் வகுத்துள்ள சூழல்களில் விற்றவர்மீதும் இழப்பீடு கேட்கும் தனி அத்தியாயமும் அதே சட்டத்தில் இருக்கிறது.

எழுதத் துணை வேண்டுவோருக்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும், பட்டியல் சாதியினருக்கும், கல்வராயன் மலை மக்கள் உள்ளிட்ட பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100. பணம் கட்டியதும் காணாமல் போகும் போலி இணையக் கடையாக இருந்தால் அது மோசடி வழக்கு. நேரம் கடத்தாமல் 1930-ஐ அழைத்தால் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு இருக்கிறது.

சில நூறு ரூபாய் வாட்சுக்கு இவ்வளவு எதற்கு என்று தோன்றலாம். அந்தச் சில நூறு ஒரு நாள் கூலி. அதைச் சம்பாதித்தவருக்குச் சரியான தகவலும் சரியான பொருளும் சேர வேண்டும். பள்ளியில் அளவைகள் நடத்தும் ஆசிரியர்கள் பிள்ளைகளின் மணிக்கட்டையே அளக்கச் சொல்லலாம். மகளிர் குழுக் கூட்டத்தில் 1915 என்ற எண்ணைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைக்கலாம். கேட்கிற வாடிக்கையாளர் பெருகினால் சிறிய கைக்கான வாட்சுகளைக் கடைக்காரர் வரவழைத்தே தீருவார். அடுத்த முறை விலையைக் கேட்கும் முன் மில்லிமீட்டரைக் கேளுங்கள். பில் வாங்காமல் கடைப்படி இறங்காதீர்கள்.