அத்துமீறி நுழைந்தவருக்கு அடிபட்டால் வீட்டு உரிமையாளர் மீது வழக்கு வருமா? சட்டம் சொல்வது என்ன?

"என் இடத்துல நான் என்ன வேணா வைப்பேன். உள்ளே வந்தது அவன் தப்பு!" வீடு, தோட்டம், வயல் வைத்திருக்கும் பலரும் சொல்லும் வார்த்தை இது. ஆனால் அனுமதியில்லாமல் நுழைந்தவர் அங்கே காயமடைந்தாலோ இறந்தாலோ, உரிமையாளரே கம்பி எண்ண வேண்டிய நிலை வரலாம்.

எப்போது வழக்கு வரும்? எப்போது வராது? பார்க்கலாம்.

உச்ச நீதிமன்றம் சொன்னது என்ன?

பிகாரில் நடந்த ஒரு சம்பவம்தான் இதில் முக்கியமான முன்னுதாரணம். பக்கத்து வீட்டுக் கழிப்பறையின் சுவர் இடிந்துவிட்டது. இதனால் அந்த வீட்டுப் பெண், அருகில் இருந்தவரின் கழிப்பறைக்குப் போய் வந்தார். "வராதே" என்று சொல்லிப் பார்த்தும் பலனில்லை. கடைசியில் அந்த வீட்டுக்காரர், கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு செம்புக் கம்பியைக் கட்டி, அதில் மின்சாரம் பாய்ச்சினார். கம்பியில் கரன்ட் இருக்கிறது என்ற எச்சரிக்கை எதுவும் இல்லை.

உள்ளே போகும்போது அந்தப் பெண் தப்பித்துவிட்டார். திரும்பி வரும்போது கை கம்பியில் பட்டது. உயிரிழந்தார்.

"அவர் அத்துமீறி நுழைந்தவர், என் சொத்தைத்தான் பாதுகாத்தேன்" என்று வீட்டுக்காரர் வாதாடினார். 1963-ல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. அத்துமீறி நுழைந்தார் என்பதற்காக ஒருவரை நேரடியாகத் தாக்கவும் முடியாது, ஆபத்து என்று தெரிந்தே பொறி வைத்துக் காயப்படுத்தவும் முடியாது என்று கூறி, தண்டனையை உறுதி செய்தது.

என்ன தண்டனை கிடைக்கும்?

2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா சட்டம் அமலில் உள்ளது.

* கவனக்குறைவால் மரணம் (பிரிவு 106): 5 ஆண்டு வரை சிறை, அபராதம். பழைய சட்டத்தில் இது 2 ஆண்டு வரை மட்டுமே.
* உயிர் போகக்கூடும் என்று தெரிந்தே செய்தால் (பிரிவு 105): 10 ஆண்டு வரை சிறை, அபராதம்.
* அலட்சியத்தால் கொடுங்காயம் (பிரிவு 125): 3 ஆண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இது தவிர, இறந்தவரின் குடும்பம் 1855-ம் ஆண்டு விபத்து மரணச் சட்டப்படி இழப்பீடு கேட்டு சிவில் வழக்கும் போடலாம்.

நுழைந்தவர் மீது நடவடிக்கை இல்லையா?

உண்டு. அத்துமீறி நுழைவது பிரிவு 329-ன் கீழ் தனிக் குற்றம். ஆனால் அவர் செய்த தப்பு, நீங்கள் செய்த தப்பை ரத்து செய்யாது.

ராத்திரியில் திருடன் புகுந்தால்?

தற்காப்பு உரிமை நிச்சயம் உண்டு. கொள்ளை, சூரியன் மறைந்த பிறகு வீட்டை உடைத்து நுழைவது போன்ற சூழலில், திருடன் உயிரிழக்கும் அளவுக்குக்கூட இந்த உரிமை நீளும் (பிரிவு 41). ஆனால் தேவைக்கு மேல் பலம் பிரயோகிக்கக் கூடாது.

இந்த உரிமை, ஆபத்து கண்ணெதிரே இருக்கும்போது பயன்படுத்துவதற்கானது. ஆள் இல்லாத இடத்தில் முன்கூட்டியே கட்டி வைக்கும் கரன்ட் கம்பிக்கு இது பொருந்துவது கடினம். வந்தது திருடனா, பந்து எடுக்க வந்த பையனா, மாடு தேடி வந்தவரா என்று கம்பிக்குத் தெரியாது.

மின்வேலி போடலாமா?

காட்டுப்பன்றிக்குப் பயந்து, வீட்டு கரன்டை நேரடியாக வேலியில் விடுவது சட்டவிரோதம். சோலார் மின்வேலி வேறு. அதற்கான கருவி, விட்டுவிட்டு மிகச் சிறிய நேரம் மட்டும் அதிர்வு தரும். விலங்கை விரட்டும், கொல்லாது. தமிழ்நாட்டில் மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்த 2023-ல் தனி விதிகளே கொண்டுவரப்பட்டன.

நாய் கடித்தால்?

வளர்ப்பு நாயால் மனிதர்களுக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால், பிரிவு 291-ன் கீழ் 6 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். 'நாய் ஜாக்கிரதை' போர்டு உதவும். ஆனால் கேட்டைத் திறந்து போட்டுவிட்டு போர்டைக் காட்டினால் எடுபடாது.

உரிமையாளர்கள் என்ன செய்யலாம்?

* சுவர், கேட், பூட்டு, சிசிடிவி, எச்சரிக்கைப் பலகை: பார்த்தாலே தெரியும் தடுப்புகளுக்கு முன்னுரிமை கொடுங்கள். மறைத்து வைக்கும் பொறிதான் வம்பு.
* திறந்த கிணறு, தொட்டிக்கு மூடி போடுங்கள். பயன்படுத்தாத ஆழ்துளைக் கிணறுகளை மூட வேண்டும் என 2010-லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டுள்ளது. குழந்தைகளுக்கு போர்டு படிக்கத் தெரியாது.
* யாராவது தொடர்ந்து அத்துமீறினால் காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, ரசீது வாங்கி வையுங்கள்.
* யாருக்காவது அடிபட்டால், யார் என்று பார்க்காமல் முதலில் 108-ஐ அழையுங்கள்.