விலை இறங்கும், ஸ்பேர் இறங்காது

மலைச் சாலை வண்டிகள் – 9

கம்பத்திலும் போடியிலும் பொழுது விடியும் முன்பே ஜீப் சத்தம் தொடங்கிவிடும். கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி என்று மூன்று வழியிலும் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏறிப் போகும். கமாண்டர், மேஜர், மார்ஷல் என மஹிந்திரா எப்போதோ நிறுத்திவிட்ட வண்டிகள் இங்கே இன்னும் சம்பாதித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு ஃபோர் வீலே கிடையாது. பின்சக்கரம் மட்டும்தான் இழுக்கும். மிச்சத்தை டிரைவரின் கை பார்த்துக்கொள்கிறது.

அந்த ஜீப்புகளைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம், அதே சாலையில் ஏசி போட்டுக்கொண்டு ஏறுகிற ரகம். பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்னால் இருபது, முப்பது லட்சம் கொடுத்து யாரோ வாங்கிய பஜேரோ, எண்டெவர், ஃபார்ச்சூனர். இப்போது அவற்றில் பலவற்றை அந்த விலையில் நாலில் ஒரு பங்குக்கு உங்கள் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்த புரோக்கர்கள் தயார்.

இந்தப் பக்கம் வண்டிச் சந்தையை ஆட்டிவைப்பது ஏலக்காய். 2019 ஆகஸ்டில் ஏலத்தில் உச்ச விலை கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. பெரிய வண்டி மேல் ஆசை பிறக்கிற காலம் அது. இரண்டு மூன்று வருடத்தில் அதே காய் ஆயிரத்துக்குக் கீழே வந்து நின்றது. ஆசைப்பட்டு வாங்கியதைத் தள்ளிவிடுகிற காலம். இன்னொரு வாய்க்கால் டெல்லியிலிருந்து வந்தது. பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டி தலைநகர் வட்டாரத்தில் ஓடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொன்னதும், நன்றாக ஓடிக்கொண்டிருந்த பெரிய வண்டிகள்கூட அங்கே அடிமாட்டு விலைக்குப் போயின. தெற்கே வந்து சேர்ந்தவை ஏராளம்.

பஜேரோவும் எண்டெவரும் நம் ஊரில் பூட்டப்பட்ட வண்டிகள் என்பது பலருக்கு மறந்துவிட்டது. பஜேரோவை 2002 முதல் திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் பூட்டியது. எண்டெவர் 2003-லிருந்து மறைமலைநகர் ஃபோர்டு ஆலையில் வந்தது. இன்று திருவள்ளூர் ஆலையில் சிட்ரோயன் கார்கள் தயாராகின்றன. இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு 2021 செப்டம்பரில் அறிவித்துவிட்டது. பெங்களூரு பக்கம் பிடதியில் தயாராகும் ஃபார்ச்சூனர் மட்டும் இன்னும் ஷோரூமில் இருக்கிறது. பழைய ஃபார்ச்சூனருக்கு விலை இறங்க மறுப்பதன் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம்.

இங்கேதான் கணக்கைக் கவனிக்க வேண்டும். இருபத்தைந்து லட்சம் வண்டி ஐந்து லட்சத்துக்கு வரும். ஆனால் அதன் இன்ஜெக்டர், டர்போ, ஸ்டீயரிங் ரேக் எல்லாம் இருபத்தைந்து லட்சம் வண்டியின் சாமான்களாகவேதான் இருக்கும். அவற்றின் விலை ஐந்தில் ஒன்றாகக் குறைவதில்லை. தேனியில் கிடைக்காதது மதுரையில், மதுரையில் இல்லாதது கோயம்புத்தூரில், அங்கேயும் இல்லாவிட்டால் சென்னை புதுப்பேட்டை. அதற்கும் அப்பால் என்றால் தாய்லாந்திலிருந்தோ துபாயிலிருந்தோ வரவழைக்க வேண்டும். அதுவரை வண்டி பட்டறையில் கல் மேல் நிற்கும். என் கட்சி இதுதான்: முதலில் மெக்கானிக்கைத் தேர்ந்தெடுங்கள், அப்புறம் வண்டியை. உங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள் எந்த வண்டியைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த ஆள் இருக்கிறாரோ, அந்த வண்டிதான் உங்களுக்கான வண்டி. லேண்ட் ரோவர் டிஸ்கவரி கண்ணைப் பறிக்கும். ஆனால் ஸ்பிரிங்குக்குப் பதில் அதில் காற்றுப் பைகள். அவற்றை ஊதிவைக்க ஒரு கம்ப்ரஸர். வயதான வண்டியில் பை கசியும், கசிவதை ஈடுகட்ட ஓயாமல் ஓடிக் கம்ப்ரஸரும் போகும். காலையில் பார்த்தால் வண்டி தரையோடு உட்கார்ந்திருக்கும். அதைத் தூக்கி நிறுத்த உத்தமபாளையத்தில் யாரைத் தேடுவீர்கள்?

சின்னமனூர்ப் பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் அப்படி ஒரு வண்டிக்கு விலை பேசிவிட்டு, பார்த்துச் சொல்லும்படி என்னையும் கூட்டிப் போனார். எந்தக் கம்பெனி வண்டி என்பது வேண்டாம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கூட வந்த மெக்கானிக் பானெட்டில் கை வைத்துப் பார்த்தார்.

“சூடாக்கி வச்சிருக்காகண்ணே. அணைக்கச் சொல்லுங்க. நல்லா ஆறட்டும், பெறகு பாப்போம்.”

ஒன்றரை மணி நேரம் டீக்கடையில் போனது. திரும்பி வந்து சாவி திருப்பினால், மூன்றாவது தடவைதான் பிடித்தது, வெள்ளைப் புகையோடு. ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தார். புகை குபுகுபுவென்று மேலே வந்தது. பிஸ்டன் ரிங் தேய்ந்த வண்டி அப்படித்தான் மூச்சு விடும். அடுத்து அடியில் படுத்தார். சேஸிஸ் முழுக்கப் புதுக் கறுப்புப் பெயின்ட். ஸ்க்ரூ டிரைவரால் ஓரிடத்தில் குத்தினார். பெயின்ட் உரிந்து துரு பொலபொலவென்று கொட்டியது. பின் ஹவுசிங்கின் ஆயில் நட்டைக் கொஞ்சம் தளர்த்தினார். வந்த ஆயில் பால் கூடுதலாக விட்ட டீ நிறத்தில் இருந்தது. எங்கேயோ ஓடையில் இறக்கி, தண்ணீர் உள்ளே போய், அப்படியே விட்டிருக்கிறார்கள். கடைசியாக லோ ரேஞ்ச் போட்டார். டாஷ்போர்டில் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது, கியர் விழவில்லை.

“ஃபோர் வீல நாங்க போட்டதே இல்லைங்க, அவ்வளவு பதனமா வச்சிருந்தோம்” என்றார் விற்பவர், பெருமையாக.

தோட்டக்காரர் என்னைப் பார்த்தார். மெக்கானிக் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, “அதான்ணே கோளாறே” என்றார்.

அவர் சொன்னது சரி. மாதம் ஒரு தடவையாவது மண் பாதையில் ஃபோர் வீலைப் போட்டுக் கொஞ்ச தூரம் ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் அதை இயக்கும் மோட்டாரும் ஃபோர்க்கும் இறுகிவிடும். அதற்காகப் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில், காய்ந்த தார் ரோட்டில், போட்டுவிடக்கூடாது. பழைய எண்டெவர் மாதிரி வண்டிகளில் ஃபோர் வீல் போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். வளைவில் முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட அதிக தூரம் சுற்ற வேண்டும். மண்ணில் சக்கரம் கொஞ்சம் வழுக்கிச் சமாளிக்கும்; தாரில் வழுக்க வழியில்லாமல் முறுக்கு முழுவதும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் கிராஸிலும் ஏறும். 2009-ல் வந்த முதல் ஃபார்ச்சூனர் வேறு மாதிரி. எப்போதும் நாலு சக்கரமும் இழுக்கும். நடுவில் ஒரு டிஃபரென்ஷியல் அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். அந்த வண்டிக்கு நாலு டயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானம் என்று இருக்க வேண்டும். முன்னால் புது டயர், பின்னால் மொட்டை டயர் என்று மாட்டினால் நடு டிஃபரென்ஷியலுக்கு ஓய்வே இருக்காது.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் இந்த வண்டிகளின் வயது தெரியும். போடிமெட்டிலிருந்து போடிக்கு ஆயிரம் மீட்டருக்கு மேல் இறக்கம். இரண்டு டன் வண்டி அவ்வளவு உயரம் இறங்கினால் வெளிப்படும் சக்தி, அரை லிட்டர் டீசலை எரித்தால் கிடைக்கும் சூட்டுக்குச் சமம். இன்ஜின் பிடித்து நிறுத்தாத பங்கில் பெரும்பகுதியும் பிரேக்கில்தான் போய்ச் சேரும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணம் உடையது. பழசான ஆயில் சீக்கிரம் கொதிக்கும். கொதித்தால் பெடல் அடிவரைக்கும் போகும். டிஸ்க், பேட் எல்லாம் பார்த்து வாங்குபவர்கள் நூற்றுக் கணக்கில் மட்டும் செலவாகும் இந்த ஆயிலை மறந்துவிடுகிறார்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். நம் ஜீப் டிரைவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பேப்பர் விஷயம். பதினைந்து வருடம் முடிந்தால் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் காருக்கு 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. இறக்குமதி வண்டிக்கு 40,000. இருபது வருடம் தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் அதையும் இரண்டு மடங்காக்கிவிட்டார்கள். ‘இறக்குமதி’ என்று ஆர்.சி.யில் இருக்கிறதா என்பதை விலை பேசும் முன்பே பாருங்கள். குமுளி தாண்டி வரும் கே.எல். நம்பர் வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கேயே வைத்து ஓட்டினால் என்.ஓ.சி. வாங்கி, ஆயுள் வரி கட்டி, டி.என். 60 ஆக்கியாக வேண்டும். அந்த வரியையும் சேர்த்துத்தான் வண்டியின் விலை.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. 2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத்துறை ‘ஆபரேஷன் நும்கோர்’ என்ற பெயரில் பழைய சொகுசு வண்டிகளைத் தேடிச் சோதனை நடத்தியது. பூட்டான் வழியாகக் கள்ளத்தனமாக உள்ளே வந்து, போலி ஆவணங்களில் இந்தியப் பதிவு பெற்றவை என்பது குற்றச்சாட்டு. லேண்ட் குரூசர், டிஃபெண்டர் போன்றவையும் அதில் மாட்டின. மூன்றாவது, நான்காவது கை மாறி வாங்கியவருக்கும் வண்டி போய்விடலாம். இமாச்சலத்திலோ அருணாச்சலத்திலோ முதல் பதிவு, அதுவும் வண்டி தயாரான பல வருடத்துக்குப் பிறகு என்றால், சேஸிஸ் நம்பரை எழுதிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். விசாரித்த பிறகு முன்பணம் கொடுக்கலாம்.

திராட்சைத் தோட்டக்காரர் கடைசியில் வேறொரு வண்டி எடுத்தார்: ஒரே கையில் இருந்தது, சர்வீஸ் பில் கட்டாக வந்தது, ஃபோர் வீல் போட்டால் ‘டக்’கென்று விழுந்தது. விலையில் கால் பங்கைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்லியிருந்தேன். ஐந்து டயர், எல்லா ஆயிலும், ரேடியேட்டர் ஹோஸ்கள், முன் கிராஸ் இரண்டு என்று அது முதல் மழைக்கு முன்பே காலியாகிவிட்டது. வண்டி இப்போது வாரத்துக்கு இரண்டு தடவை ஹைவேவிஸ் போய் வருகிறது. மைலேஜைப் பற்றி மட்டும் அவரிடம் கேட்கக்கூடாது.

அடுத்த வாரம்: சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்புகளின் லீஃப் ஸ்பிரிங்குகளை அடித்துக்கொடுக்கும் பட்டறைகள்.